துருப்பிடிக்காத துப்பாக்கி

"பேனாவை மட்டும் கொடுக்கச் சொல்லுங்க மேடம். கையெழுத்தைப் போட்டுட்டு நிம்மதியாத் தூங்குறேன்."

ராய்ஸ் டாக்கெட் இதைச் சொன்னபோது கார்னெட்டுக்கு அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது. நடுவில் கம்பி வலை இருந்தது. ராய்ஸ் பிழைத்தான்.

மதியம் இரண்டு மணிக்கு நீதிபதி வந்து உட்காருவார். மச்சான் வெண்டலைச் சுட்டுக் கொன்றதாக ராய்ஸ் ஒப்புக்கொண்டால் பதினைந்து வருடம். ஒப்புக்கொள்ளாமல் வழக்கில் தோற்றால் ஆயுள். பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய வயதில் சுரங்கத்துக்குள் போய், நெஞ்சு நிறைய நிலக்கரித் தூளை அடைத்துக்கொண்டு வந்தவனுக்கு இரண்டும் ஒன்றுதான். எதை எடுத்தாலும் சவப்பெட்டியில்தான் வெளியே வருவான்.

மேற்கு வர்ஜீனியாவின் அந்த மலைக்கோடியில் தனியார் துப்பறிவாளர் என்று பலகை மாட்டியிருப்பது கார்னெட் சைஸ்மோர் ஒருத்திதான். அதற்கு முன்னால் இருபது வருடம் காப்பீட்டு நிறுவனத்துக்காகப் பொய்யர்களைப் பிடித்தவள். தானே கொளுத்திய வீடு, தானே ஒடித்துக்கொண்ட கால், செத்துப்போனதாகச் சொல்லிவிட்டு ஃப்ளோரிடாவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த புருஷன், எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. ராய்ஸ் பொய் சொல்லவில்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அவளுக்குத் தெரிந்து என்ன பிரயோசனம்? பொய்யை மோப்பம் பிடிக்கிற அவள் மூக்கை எந்தக் கோர்ட்டும் சாட்சிக் கூண்டில் ஏற்றாது.

"இன்னொரு தடவை சொல்லு."

"நூறு தடவை சொல்லியாச்சு மேடம்."

"நூத்தி ஒண்ணாவது தடவை சொல்லு. என்ன, பேசறதுக்குக் காசா கேக்கறாங்க?"

ராய்ஸ் இருமி முடித்துவிட்டுச் சொன்னான். "மான் வேட்டை சீசன்ல முத நாள். விடியக்காலை. மூக்கு விறைச்சுப் போற குளிர். மச்சான் எனக்கு முன்னால நடந்தான். நான் ரைஃபிள்ல தோட்டாவைப் போட்டேன். போல்ட்டை முன்னால விட்டேன். அவ்வளவுதான், படார்னு வெடிச்சிடுச்சு. விரல் ட்ரிக்கர் பக்கமே போகல. குழல் அவன் பக்கம் இருந்தது என் தப்பு. அதை நான் யார் தலையிலயும் கட்டல."

"முந்தின நாள் சண்டை?"

"வேட்டைக் கேபின்ல இருந்த அத்தனை பேரும் கேட்டாங்களே. அம்மா வீட்டை வித்துடலாம்னு அவன், கூடாதுன்னு நான். சாயங்காலம் குறி சரிபார்க்க ரெண்டு பேரும் சுட்டோம். அப்புறம் உக்காந்து துப்பாக்கி கழுவிக்கிட்டே கத்தினோம். 'உன்னைக் கொல்லாம விடமாட்டேன்'னு சொன்னேன். கோவத்துல எவன்தான் சொல்லல?"

"நான் தினம் பாஸைப் பார்த்துச் சொல்றேன்," என்றது சுவர் ஓரமிருந்து ஒரு குரல். "மனசுக்குள்ளதான். சம்பளம் வேணுமே."

அது வெர்லின் ப்ரூயிட். கார்னெட்டின் உதவியாளன். ஆறு வருடம் அடகுக் கடை கவுண்டருக்குப் பின்னால் நின்று ஊரிலுள்ள துப்பாக்கிகள் பாதியைக் கையில் பிடித்தவன். வாயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நேரத்துக்கு மூடத் தெரிந்தவன்.

"வாயை மூடுடா," என்றாள் கார்னெட், பழக்க தோஷத்தில்.

அவளை அழுத்தியது சண்டை இல்லை. அந்தத் துப்பாக்கி. எஸ்.கே.எஸ். என்று சொல்லப்படும் சீன ராணுவ ரைஃபிள். சீனாவில் கிடங்கில் கிடந்தவற்றைக் கப்பலில் ஏற்றும்போது துருப்பிடிக்காமலிருக்கப் பழுப்பு நிற கிரீஸில் முக்கி எடுத்து அனுப்புகிறார்கள். அந்த கிரீஸ் இண்டு இடுக்கெல்லாம் போய் உட்காரும். முக்கியமாக, குழலின் பின்வாயை மூடுகிற போல்ட்டுக்குள்ளே தோட்டாவின் பின்பக்கத்தைக் குத்துகிற ஊசி இருக்கிறதே, அதைச் சுற்றி. வாங்கியவன் அதைச் சுத்தம் செய்யாவிட்டால் குளிரில் கிரீஸ் இறுகி, ஊசி முன்னால் நீட்டியபடி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ட்ரிக்கரே வேண்டாம். போல்ட் மூடிய வேகத்திலேயே வெடித்துவிடும். இது அந்த மலையில் பல் முளைத்த எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் ஆய்வக அறிக்கை அந்த ரைஃபிளில் ஒரு குறையும் இல்லை, ஊசி தாராளமாக ஆடுகிறது என்றது. அது போதாதென்று ராய்ஸே போலீசில் எழுதிக் கொடுத்திருந்தான்.

"கைக்கு வந்த அன்னிக்கே அக்கக்கா கழட்டி, ஊசியை வெளியே எடுத்து, சொட்டு கிரீஸ் இல்லாம சுத்தம் பண்ணேன்னு நீயே சொல்லியிருக்கியே ராய்ஸ்! கொஞ்சம் பொய் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சுத்தம் பண்ணினதை எப்படி மேடம் பண்ணலன்னு சொல்றது?" ராய்ஸுக்கு நிஜமாகவே ரோஷம் வந்துவிட்டது. நாலு மாதமாகச் சிறையில் கிடக்கிறவனுக்கு அந்த ஒன்றில்தான் ரோஷம் மிச்சமிருந்தது. "பேனாவை வாங்கிக் கொடுங்க. எனக்கு அலுத்துப் போச்சு."

கார்னெட் எழுந்தாள். கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. அந்தத் துப்பாக்கியைப் பார்வையிட இரண்டு மாதமாக மனு போட்டுக் காத்திருந்தவளுக்கு அனுமதி அன்று காலையில்தான் வந்திருந்தது.

* * *

சாட்சிப் பொருள் அறை அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில். சுவரெல்லாம் வியர்த்து, மூலையில் நீர் கோத்துக்கொண்டு நின்றது. சாவி ஹோபர்ட் லைல் கையில். ஷெரிஃப் அலுவலகத்தில் ஆள் குறைவு. சாட்சிப் பொருளைக் காப்பவரும் அவரே, கைதியைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போகிறவரும் அவரே, காப்பி போடுகிறவரும் அவரே.

வெர்லின் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "சார், இதைக் குடிக்கணுமா, கார்ல ஊத்தணுமா?"

"பிடிக்கலன்னா வச்சிடு. உன்னை யாரும் விருந்துக்குக் கூப்பிடல," என்று சொல்லிவிட்டு ஹோபர்ட் ரைஃபிளை மேஜையில் வைத்தார். குழந்தையைக் கிடத்துகிற மாதிரி வைத்தார்.

"ரஷ்யாக்காரன் மூளை, சீனாக்காரன் கை," என்றார். "பெரிய யுத்தம் முடியற நேரத்துல ரஷ்யாவுல போட்ட திட்டம். அவங்க வேற துப்பாக்கிக்கு மாறினதும் சீனாக்காரன் எடுத்துக்கிட்டு லட்சக்கணக்குல அடிச்சுத் தள்ளினான். அறுபத்தெட்டுல வியட்நாம்ல இதே சாதிதான் என்னைப் பார்த்துச் சுட்டுச்சு. தொடையில இன்னும் ஒரு துண்டு கிடக்கு. இப்போ பாரு, நம்ம ஊர் ஹார்டுவேர் கடையில மரம் அறுக்கற மெஷினைவிட மலிவு."

"உங்களுக்கு அப்பவே இலவசமாக் கொடுத்துட்டாங்க சார்," என்றான் வெர்லின். "டோர் டெலிவரி, தொடையில."

ஹோபர்ட் சிரிக்கவில்லை. ஆனால் கோபித்துக்கொள்ளவும் இல்லை.

வெர்லின் வேலையில் இறங்கினான். குழலின் மேலே கவிழ்ந்திருந்த சிறு குழாயைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தான். போல்ட்டை எடுத்துக் காதருகே ஆட்டினான். உள்ளே ஊசி கிலுகிலு என்றது.

"குழாய் வெள்ளிக் கரண்டி மாதிரி இருக்கு பாஸ். ஊசி நல்லா ஆடுது. போல்ட்ல அடிச்ச நம்பரும் துப்பாக்கி உடம்புல அடிச்ச நம்பரும் வேற. இது எழுபத்திமூணுல முடியுது, அது பூஜ்யம் எட்டுல. மத்தபடி என் கல்யாணத்துக்கு இதைப் பரிசாக் கொடுத்தா வேண்டாம்னு சொல்லமாட்டேன்."

"மலிவுச் சரக்குல நம்பர் மாறித்தான் இருக்கும்," என்றார் ஹோபர்ட்.

அவ்வளவுதான். கடைசிக் கதவும் சாத்தியாகிவிட்டது. தன்னை இந்த வேலைக்கு அமர்த்திய ராய்ஸின் மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்று கார்னெட் யோசித்தபடி, ரைஃபிளோடு வந்த தோட்டாப் பொட்டலத்தைக் கையில் எடுத்தாள். பழுப்புக் காகிதம், மேலே சீன எழுத்து.

"இதைத்தான் அன்னிக்குச் சுட்டானா?"

"ஆமா. பழைய ராணுவச் சரக்கு."

அவள் பொட்டலத்தைப் பார்த்தாள். வெர்லின் கையிலிருந்த குழாயைப் பார்த்தாள். மறுபடி பொட்டலத்தைப் பார்த்தாள்.

"வெர்லின், இந்தத் தோட்டாவைச் சுட்டா என்ன செய்வே?"

"வீட்டுக்குப் போனதும் வெந்நீர் வைப்பேன். இதோட மருந்துல உப்பு இருக்கு பாஸ். சுட்டா அந்த உப்பு குழலுக்குள்ளயும் இந்தக் குழாய்க்குள்ளயும் ஒட்டிக்கும், ஈரத்தை இழுக்கும். வெந்நீர் ஊத்திக் கழுவாம வச்சா நாலே நாள்ல உள்ள…" வெர்லின் நிறுத்தினான். குழாயை மறுபடி கண்ணுக்கு நேரே தூக்கினான். "அட."

"ராய்ஸ் சுட்டது நவம்பர்ல. ஒரு மணி நேரத்துக்குள்ள கையில விலங்கு. இப்போ மார்ச். இது துருப்பிடிச்சு செங்கல் மாதிரி இருக்கணும்."

"ஆய்வகத்துல கழுவியிருப்பாங்க," என்றார் ஹோபர்ட். அவள் முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"ஆய்வகத்துக்குப் போனது ஜனவரி. அதுக்குள்ள துரு அரிச்சிருக்கும். அப்புறம் கழுவினாலும் அரிச்ச குழி போயிடுமா சார்?"

கார்னெட் முதல் முறையாக அந்த அறையைச் சுற்றிப் பார்த்தாள். சுவர் வியர்க்கிற பாதாளத்தில் வரிசையாகச் சாத்தியிருந்த துப்பாக்கிகள். குடித்துவிட்டுச் சுட்டவனுடையது, திருட்டுப் போனது, மாமியாரை மிரட்டியது. ஒவ்வொன்றும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் புறப்பட்ட மாதிரி பளபளவென்று நின்றது.

வெர்லின் தன் காப்பிக் கோப்பையை முகர்ந்து பார்த்துவிட்டு மெல்ல மேஜையில் வைத்தான். "இந்தப் பாத்திரத்துல காப்பி மட்டும் கொதிக்கல பாஸ். நான் குடிச்சது பாதி துப்பாக்கி எண்ணெய்."

"தொடக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, தெரியும்," என்றார் ஹோபர்ட். குரல் இறங்கிவிட்டது. "அன்னிக்கு ராத்திரி பூரா மழை. இதோ இந்தச் சுவருல தண்ணி வழியுது. உப்புப் பிடிச்ச துப்பாக்கியை அப்படியே மூலையில சாத்திட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு திங்கச் சொல்றீங்களா? என்னால முடியல மேடம். இந்த ஊர்ல பொறந்த எவனாலயும் முடியாது."

அது உண்மை. அந்த ஊரில் பெண்டாட்டி பிறந்தநாளை மறப்பார்கள், துப்பாக்கி கழுவ மறக்கமாட்டார்கள். கார்னெட்டுக்கு அவர் மேல் ஒரு நொடி பாவமாகக்கூட இருந்தது. அடுத்த நொடி மண்டையில் ஏதோ இடித்தது.

"போல்ட்டைக் கழட்டினீங்களா?"

அவர் தரையைப் பார்த்தார்.

"உள்ளே என்ன இருந்துச்சு ஹோபர்ட்?"

"கிரீஸ். மெழுகு மாதிரி இறுகி. ஊசி அசையல. சுத்தியால தட்டித்தான் வெளியே எடுத்தேன்."

கார்னெட் மேஜையில் ஓங்கி அடித்தாள்.

"நாலு மாசம்! நாலு மாசமா மேல ஒருத்தன் இருமிக்கிட்டுக் கிடக்கான். அவன் நிரபராதின்னு உங்க ரெண்டு கைக்கும் தெரியும்!"

"முதல்ல தோணல. ராய்ஸ் தானே சுத்தம் பண்ணேன்னு சொன்னான்னதும் குழம்பிட்டேன். அப்புறம் தோணினப்போ வாய் திறக்க முடியல. அடுத்த வருஷம் எனக்குப் பென்ஷன் மேடம். பெண்டாட்டிக்கு வாரத்துக்கு மூணு தடவை டயாலிசிஸ், எல்லாம் இந்த வேலையோட இன்ஷூரன்ஸ். சாட்சிப் பொருள்ல கை வச்சேன்னு சொன்னா வேலை போகும், நானே உள்ள போவேன்." ஹோபர்ட் ரைஃபிளை எடுத்து அதன் இடத்தில் வைத்தார். "கோர்ட்டுல கேட்டா இல்லன்னுதான் சொல்வேன். உங்க நேரம் முடிஞ்சது."

* * *

"ரெண்டு பேரும் பொய் சொல்லல," என்றாள் கார்னெட், பிக்கப் வண்டி மலைவளைவில் திரும்பும்போது. "கிரீஸ் இல்லன்னு ராய்ஸ். கிரீஸ் இருந்துச்சுன்னு ஹோபர்ட். ஒரே போல்ட்டுக்குள்ள ரெண்டு உண்மையும் எப்படிடா இருக்கும்?"

"வாடகைக்கு விட்டிருப்பாங்க பாஸ்."

அவள் திட்டவில்லை. திட்டக்கூடத் தெம்பில்லை. வெர்லின் அதைக் கவனித்து, இறைச்சி வைத்துச் சுட்ட பெப்பரோனி ரோல் ஒன்றைப் பிய்த்துப் பாதியை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள், தின்னவில்லை.

போகிற இடம் வெண்டலின் வீடு. வெண்டல் வாங்கியது இரண்டு ரைஃபிள்கள், ஒரே கிரீஸ் பெட்டியிலிருந்து. ஒன்று ராய்ஸுக்கு, ஒன்று தனக்கு. அவனுடையது இன்னும் அவன் மனைவியிடம் இருந்தது. வெண்டல் சோம்பேறி என்பது ஊரறிந்த விஷயம். அவனுடைய ரைஃபிளுக்குள் கிரீஸ் அப்படியே இருந்தால், நீதிபதி முன்னால் காட்டவாவது ஏதோ ஒன்று. மெலிந்த நூல். வேறு நூல் இல்லை.

கதவைத் திறந்த நெட்ரா கறுப்பு உடையில் இருந்தாள். வெண்டலின் மனைவி; ராய்ஸின் கூடப் பிறந்த தங்கை. கொல்லப்பட்டவன் குடும்பத்தின் சார்பில் இரண்டு மணிக்கு நீதிபதியிடம் பேசப்போகிறவள்.

"பதினஞ்சு வருஷம் பத்தாதுன்னு சொல்லப் போறேன். கிளம்புங்க, நான் தலை சீவணும்."

"நெட்ரா, வெண்டலோட ரைஃபிளை ஒரே ஒரு தடவை பார்க்கணும்."

"அவரு பொருள் எதையும் நீங்க தொடக்கூடாது."

"உங்க அண்ணன் அந்தச் சிறைக்குள்ளயே செத்துடுவான்."

"என் புருஷன் காட்டுல செத்தாரு. அண்ணனுக்குக் கூரையாவது இருக்கும்ல?"

கதவு சாத்தப்பட இருந்தது. கார்னெட் கையை இடுக்கில் வைத்தாள். வலித்தது; எடுக்கவில்லை. "நாங்க தொடமாட்டோம். நீங்களே எடுங்க, நீங்களே கழட்டுங்க. நான் நினைக்கிறது அதுல இல்லன்னா, கோர்ட்டுல உங்க பக்கத்துல வந்து உக்கார்றேன். ராய்ஸ் மேல எனக்கும் நம்பிக்கை போச்சுன்னு நானே சொல்றேன்."

நெட்ரா அவளுடைய நசுங்கிய விரல்களைப் பார்த்தாள். உள்ளே போய், போர்வையில் சுற்றிய ரைஃபிளைக் கொண்டுவந்து சமையலறை மேஜையில் போட்டாள். அந்த ஊர்ப் பெண். யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. குண்டு இல்லை என்று பார்த்துவிட்டு இரண்டு தட்டில் கழற்றினாள். போல்ட்டைக் கையில் எடுத்தாள்.

"காதுகிட்ட வச்சு ஆட்டுங்க," என்றான் வெர்லின்.

கிலுகிலு.

கிரீஸ் இல்லை. சுத்தமாக இருந்தது. கார்னெட் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பார்த்தீங்களா?" என்றாள் நெட்ரா. நாலு மாதத்தில் முதல் முறையாகக் குரலில் ஒரு பெருமை. "என் புருஷனைச் சோம்பேறின்னு சொன்ன வாயெல்லாம் வந்து பார்க்கட்டும். எவ்வளவு சுத்தமா…"

நிறுத்திவிட்டாள். போல்ட்டை மறுபடி ஆட்டினாள். புருவம் சுருங்கியது.

"ஆனா அவரு இதைக் கழட்டவே இல்லையே."

"என்னது?" கார்னெட் நிமிர்ந்தாள்.

"மேல இருக்கற கிரீஸை மட்டும் என் அடுப்புல வச்சு உருக்கினாரு. ஆப்பிள் பை சுடற அடுப்பு! வீடு முழுக்க நாத்தம். கத்தினேன். எல்லாத்தையும் வாரிக்கிட்டு வெளியே போனாரு. 'போல்ட்டை இன்னும் பிரிக்கல, அதை அடுத்த வாரம் பார்த்துக்கறேன்'னாரு. அடுத்த வாரம் வேட்டைக்குப் போயிட்டாரு. அப்புறம் இதை யாரு சுத்தம் பண்ணினது?"

வெர்லின் எட்டிப் பார்த்தான். தொடமாட்டோம் என்று கார்னெட் சொன்னதை மறக்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தான்.

"நம்பரைப் படிங்கக்கா," என்றான். அவன் குரலில் கிண்டல் போயே போய்விட்டது.

"பூஜ்யம் எட்டு."

"துப்பாக்கி உடம்புல?"

"எழுபத்திமூணு."

கார்னெட் கண்ணை மூடிக்கொண்டாள். கேபின். மான் சீசனுக்கு முந்தின சாயங்காலம். உப்புத் தோட்டாவைச் சுட்டுவிட்டு வந்த இரண்டு பேர். ஒரே வெந்நீர்த் தொட்டி, அதில் இரண்டு போல்ட், ஒரு சீனத் தொழிற்சாலையின் இரட்டைப் பிள்ளைகள். கழுவிக்கொண்டே அம்மா வீட்டுக்காகக் கத்துகிறார்கள். எவன் தண்ணீருக்குள் பார்த்தான்? கைக்கு வந்ததை எடுத்து, துடைத்து, மாட்டிவிட்டார்கள்.

"போல்ட் மாறிடுச்சு," என்றாள். "இது ராய்ஸ் சுத்தம் பண்ணின போல்ட். ராய்ஸ் கையில இருந்தது உங்க வீட்டுக்காரரோடது, பிரிக்காதது. சாயங்கால வெயில்ல சுட்டப்போ கிரீஸ் இளகிக் கிடந்திருக்கு. விடியக்காலைக் குளிர்ல இறுகிடுச்சு. கொலைக்குக் காரணம்னு அரசு வக்கீல் காட்டற அதே சண்டைதான் போல்ட்டையும் மாத்தியிருக்கு."

நெட்ரா போல்ட்டை மேஜையில் வைத்தாள். வைத்துவிட்டு அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். கார்னெட் எதிர்பார்த்தது சந்தோஷம். அந்த முகத்தில் வந்தது வேறு.

"அப்போ அன்னிக்கு நான் விரட்டாம இருந்திருந்தா…"

இந்தப் பெண்ணிடம் கார்னெட் இப்போது ஒன்று கேட்டாக வேண்டும். ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கிற கோர்ட்டில் எழுந்து அதையே சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்டாள். கேட்கும்போது தன்னையே பிடிக்கவில்லை.

நெட்ரா தலை சீவவில்லை. போல்ட்டைப் பாத்திரம் துடைக்கிற துணியில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, முதலில் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

* * *

அவர்கள் நுழைந்தபோது ராய்ஸ் கையில் பேனா இருந்தது. பக்கத்தில் ஹோபர்ட், அவன் முழங்கையைப் பிடித்தபடி.

"கையெழுத்துக்கு முன்னால, குடும்பத்தின் சார்பில் யாராவது பேசுறீங்களா?" என்றார் நீதிபதி.

நெட்ரா எழுந்தாள். பின் வரிசைகளில் பெண்கள் கைக்குட்டையைத் தயாராக எடுத்துக்கொண்டார்கள். அவள் துணியைப் பிரித்து, இரும்புத் துண்டை முன்னால் வைத்துவிட்டு, ஒன்று விடாமல் சொன்னாள். அடுப்பு, நாற்றம், தான் கத்தியது, அவர் பாதியில் வாரிக்கொண்டு போனது, இரண்டு நம்பர். கைக்குட்டைகள் அந்தரத்தில் நின்றன.

அரசு வக்கீல் நிதானமாக எழுந்தார். "யுவர் ஆனர், துக்கத்துல இருக்கற ஒரு சகோதரியை நான் குறை சொல்லல. போல்ட் மாறியிருக்கட்டும். அதனால என்ன? ராய்ஸோட ரைஃபிள்ல இருந்த போல்ட்டை ஆய்வகம் பார்த்திருக்கு. சுத்தமா இருந்துச்சு. அந்தம்மா சொல்ற கிரீஸை யாரு பார்த்தாங்க?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "நியாயமான கேள்விதான். யாராவது பார்த்தாங்களா?"

கார்னெட் ஹோபர்ட்டைப் பார்த்தாள். அவர் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரில் தொங்கிய கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து கத்தலாம். கத்தினால் அவர் இல்லை என்பார். ஒரு போலீஸ்காரரின் இல்லைக்கு எதிரில் ஒரு துப்பறிவாளரின் ஆமாம் எத்தனை காசு பெறும்? ராய்ஸ் பேனாவைக் காகிதத்தை நோக்கி இறக்கினான்.

ஹோபர்ட் அவன் முழங்கையை விட்டார். இடுப்புப் பட்டையிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றி வக்கீல்கள் மேஜையில் வைத்தார்.

"அது சுத்தமா வரல, யுவர் ஆனர். அதைக் கழுவினது நான். ஊசியைச் சுத்தியால தட்டித்தான் எடுத்தேன். உள்ள பூரா கிரீஸ்."

அதற்கப்புறம் கோர்ட்டில் எழுந்த சத்தத்தில் நீதிபதி சுத்தியலைத் தட்டியது யாருக்கும் கேட்கவில்லை. ஒப்புதலை ஏற்க முடியாது என்று அவர் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. கொலைக் குற்றச்சாட்டைத் திரும்பப் பார்க்கும்படி அரசு வக்கீலிடம் சொல்லிவிட்டு, ஹோபர்ட்டை மட்டும் எங்கேயும் போகக்கூடாது என்றார். ஹோபர்ட் தலையாட்டினார். வேலையும் பென்ஷனும் போனது போனதுதான், அதைத் தெரிந்துதான் பேசினார்.

ராய்ஸ் இது எதையும் கவனிக்கவில்லை. விலங்கு மாட்டிய கைகளோடு தடுப்புக் கட்டை வரைக்கும் வந்து நின்றான். அந்தப் பக்கம் நெட்ரா. நாலு மாதமாக அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போதும் பார்க்க முடியாமல் அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவரு பாதியில விட்டது என்னாலதான் அண்ணே. நான் விரட்டலன்னா அன்னிக்கே பிரிச்சிருப்பாரு."

ராய்ஸுக்கு இருமல் வந்துவிட்டது. இருமி முடிக்கும் வரை அவள் காத்திருந்தாள்.

"அந்த நாத்தத்துக்கா?" என்றான். "அம்மா இருந்திருந்தா துடைப்பத்தை எடுத்திருப்பா. நீ வாயால மட்டும்தானே விரட்டின."

நெட்ராவுக்குச் சிரிப்பு வந்தது. பாதி சிரிப்பில் உடைந்து, விலங்கோடு இருந்த அவன் கைகளைப் பிடித்துக்கொண்டு, அடக்க முடியாமல் அழ ஆரம்பித்தாள்.